தேதி மாறாமல் மாறிய கோப்புகள்

காலை 8:40-க்கு முதல் புகார் வந்தது. எங்கள் இணையப் பயன்பாட்டில் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்தால் ‘சேமிக்கப்பட்டது’ என்று திரை சொல்கிறது, ஆனால் பட்டியலில் அந்தப் பதிவைக் காணோம். அடுத்த கால்மணி நேரத்தில் இதே புகார் இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்தது. காரணம் பிடிபட்டு, பயன்பாட்டை நிறுத்தியபோது மணி 11:15.

இடைப்பட்ட நேரத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு தவறான முடிவால் வீணானது. ‘நேற்றிலிருந்து எந்த கான்ஃபிக் கோப்பும் (பயன்பாட்டின் அமைப்புகளை வைத்திருக்கும் கோப்பு) மாறவில்லை’ என்று 9 மணிக்கே முடிவு கட்டிவிட்டோம். அந்த முடிவுக்கு ஆதாரம், கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளை ஒன்று. கட்டளையில் எழுத்துப்பிழை இல்லை, அது தந்த பதிலும் சரியானதே. அந்தப் பதிலுக்கு நாங்கள் கொடுத்த பொருள்தான் தவறு. லினக்ஸிலோ வேறு யூனிக்ஸிலோ ‘சமீபத்தில் எது மாறியது’ என்று தேடுகிற எவருக்கும் இது நேரலாம் என்பதால், நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் சர்வர் ஒன்றில் ஒரு இணையப் பயன்பாடு ஓடுகிறது. எழுதுவதற்கு ஒரு முதன்மை டேட்டாபேஸ், படிப்பதற்கு அதன் நகல் ஒன்று. ஆறு வாரத்துக்கு முன் முதன்மை டேட்டாபேஸைப் புதிய சர்வருக்கு மாற்றியிருந்தோம். பழையதை உடனே அணைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஓடவிட்டிருந்தோம்.

முதல் தேடல்

எழுதியது பட்டியலில் வரவில்லை என்றால், முதன்மையிலிருந்து நகலுக்குப் போகும் வழியில்தான் ஏதோ அடைப்பு என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் வழக்கப்படி முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டோம்: நேற்று மாலை வரை சரியாக இருந்ததே, இடையில் என்ன மாறியது?

என் உடன் வேலை செய்யும் தம்பி பயன்பாட்டின் தலை அடைவில் (மேல்நிலை ஃபோல்டரில்) நின்று இதை அடித்தான்:

ஃபைண்ட் . -டைப் எஃப் -எம்டைம் 1

-டைப் எஃப் என்றால் கோப்புகள் மட்டும்; -எம்டைம் என்பது கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை வைத்து நாள் கணக்கில் தேடுவது. வந்த பட்டியலில் அன்று காலை எழுதப்பட்ட லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்புகூட இல்லை. எண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டிய மைனஸ் குறி விட்டுப்போயிருந்தது. ஃபைண்ட் ஒரு கோப்பின் வயதை 24 மணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. ஐந்து மணி நேர வயதுள்ள கோப்புக்கு எண் 0. முப்பது மணி நேரம் என்றால் 1, நாற்பத்தேழு மணி நேரம் என்றாலும் 1. ஆகவே குறி இல்லாத 1 என்பது ‘24-க்கும் 48-க்கும் இடைப்பட்ட மணி நேரத்துக்கு முன் மாறியவை’. மைனஸ் 1 என்பதுதான் ‘கடந்த 24 மணி நேரத்துக்குள்’. பிளஸ் 1 என்று போட்டால் முழுதாக 48 மணி நேரம் கடந்தவை மட்டும் வரும். ஒரு நாள் கடந்தவை எல்லாம் வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள்; வராது. பழைய கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்ட்களில் இந்த ஒரு நாள் வித்தியாசத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இந்தக் கணக்கு கட்டளை ஓடத் தொடங்கும் நொடியிலிருந்து பின்னோக்கிப் போகிறது. நள்ளிரவு அதற்குத் தெரியாது. ‘இன்று’ என்று கேட்க வேண்டுமானால் குனு ஃபைண்டில் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஃபைண்ட்) -டேஸ்டார்ட் என்ற விருப்பத்தை -எம்டைமுக்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் முன்னால் உள்ள சோதனையை அது தொடாது. அவசர நேரத்தில் நாள் கணக்கையே விட்டுவிட்டு -எம்மின் என்று நிமிடக் கணக்கில் கேட்பது நல்லது. ‘-எம்மின் -600’ என்றால் கடந்த பத்து மணி நேரம். அதில் குழப்பமில்லை.

சரி, மைனஸ் குறியோடு மறுபடி ஓட்டினோம். பதினோராயிரம் வரிகளுக்கு மேல் வந்தன. லாக், செஷன், கேஷ் என்று பயன்பாடு தானே ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. அவற்றைப் புதியது மேலே வரும்படி வரிசைப்படுத்த, தம்பி பட்டியலை, பெயர்களை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக, கோப்புகளை நேர வரிசையில் காட்டும் ‘எல்எஸ் -எல்டி’-க்கு அனுப்பினான். இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. எக்ஸ்ஆர்க்ஸ் எல்லாப் பெயர்களையும் ஒரே தடவையில் கொடுப்பதில்லை. குனு எக்ஸ்ஆர்க்ஸ் வழக்கமாக ஒரு தடவைக்கு 128 கிலோபைட் அளவுக்குப் பெயர்களைச் சேர்த்து, எல்எஸ்ஸைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அதனதன் கத்தையை மட்டும் வரிசைப்படுத்தித் தருகிறது. ஆகவே பட்டியலின் முதல் வரி முதல் கத்தையில் புதியது, அவ்வளவுதான். எல்லாவற்றிலும் புதியதாக அது இருக்க வேண்டியதில்லை. தேடலில் ஒன்றுமே கிடைக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். -ஆர் விருப்பம் இல்லாத குனு எக்ஸ்ஆர்க்ஸ், பெயரே இல்லாமல் எல்எஸ்ஸை ஒரு தடவை ஓட்டிவிடும். நாம் நிற்கும் அடைவின் பட்டியல் அப்போது தேடலின் விடைபோல வந்து நிற்கும்.

நம்பகமான வழி, ஃபைண்டின் -பிரின்ட்எஃப் விருப்பத்தைக் கொண்டே நேரத்தையும் பாதையையும் ஒரே வரியில் அச்சிட வைத்து, அதை ‘சார்ட் -என்’-க்கு அனுப்புவது. நேரத்தை 1970 ஜனவரி 1 தொடங்கி ஓடிய நொடிகளாகக் கேட்டால் வெறும் எண்களை வரிசைப்படுத்தும் வேலைதான். எத்தனை லட்சம் கோப்பு இருந்தாலும் வரிசை கெடாது. மேக்கில் உள்ள ஃபைண்டுக்கு -பிரின்ட்எஃப் கிடையாது. அங்கே, ஒரு கோப்பின் விவரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளையை -எக்செக் வழியாகக் கூப்பிட வேண்டும்.

லாக், செஷன், கேஷ் அடைவுகளை -ப்ரூன் போட்டு வெட்டிவிட்டு மறுபடி தேடியபோது மிஞ்சியவை ஒன்பது கோப்புகள். ஒன்பதும் பயனர்கள் பதிவேற்றிய படங்கள். கான்ஃபிக் கோப்புகள் இருக்கும் கான்ஃப் அடைவிலிருந்து ஒரு கோப்புகூட இல்லை.

“அண்ணா, கான்ஃப்ல எதுவும் மாறல. டேட்டாபேஸ் பக்கம்தான் பார்க்கணும்” என்றான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஒன்றரை மணி நேரம் நகல் டேட்டாபேஸின் பின்னால் போனோம். நகல் எந்தத் தாமதமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னோக்கிப் போன தேதி

10:50 வாக்கில், வேறு வழி தெரியாமல், எழுதும் இணைப்புக்கான கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன். அதில் பழைய டேட்டாபேஸ் சர்வரின் முகவரி இருந்தது.

எல்எஸ் காட்டிய தேதியோ ஐந்து மாதம் பழையது. அந்த இடத்தில்தான் எனக்குச் சுரீரென்றது. ஆறு வாரத்துக்கு முன் அந்த முகவரியை மாற்றிச் சேமித்தவன் நான். அந்தக் கோப்பின் தேதி ஆறு வாரம் பழையதாக இருக்கலாம், அதைவிடப் புதியதாகவும் இருக்கலாம். ஐந்து மாதம் பழையதாக இருக்க வழியே இல்லை. தேதி பின்னோக்கிப் போயிருக்கிறது என்றால் யாரோ, அல்லது ஏதோ ஒன்று, பழைய கோப்பை அதன் பழைய தேதியோடு கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்திருக்கிறது.

ஸ்டாட் கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினேன். நான்கு நேரங்கள் வந்தன. மாடிஃபை என்ற வரியில் ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. சேஞ்ச் என்ற வரியில் அன்று அதிகாலை 02:30:04. பர்த் என்ற வரியிலும் அதே 02:30:04. ஏடைம் (கடைசியாகப் படித்த நேரம்) என்கிற அக்சஸ் வரியை நான் பொருட்படுத்தவில்லை. 2009-இல் வந்த லினக்ஸ் 2.6.30 முதல் ரெல்டைம் என்பதே இயல்பு அமைப்பு. அந்த அமைப்பில் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஏடைம் புதுப்பிக்கப்படுவதில்லை, அதனால் ‘கடைசியாக யார் படித்தார்கள்’ என்பதற்கு அது நல்ல சாட்சி இல்லை.

இந்த நேரங்களின் பொருளை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தவறு முழுதும் இதில்தான் இருக்கிறது.

எம்டைம் (ஸ்டாட் காட்டும் மாடிஃபை வரி) என்பது கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக எழுதப்பட்ட நேரம் என்று படித்திருப்போம். அது பாதி உண்மை. கோப்பில் எழுதும்போது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதை இப்போதைய நேரத்துக்கு மாற்றுகிறது என்பது சரி. ஆனால் கோப்பின் உரிமையாளர் அதை எந்தத் தேதிக்கும் மாற்றி வைக்கலாம். டச் கட்டளை செய்வது அதைத்தான். கோப்புகளை ஒரே காப்பகமாகக் கட்டவும் பிரிக்கவும் பயன்படும் டார், ஒரு கோப்பைப் பிரித்து வைத்தபின் காப்பகத்தில் குறித்திருந்த பழைய எம்டைமை அதற்குப் போட்டுவிடுகிறது. நகலெடுக்கும் ‘சிபி -பி’, ‘ஆர்சிங்க் -ஏ’ இரண்டும் அப்படியே. எம்வி கட்டளையோ உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. ஒரு பழைய கோப்பை இன்றைய கோப்பின் இடத்துக்கு நகர்த்தினால் பழைய எம்டைம் பழையபடியே இருக்கும். இவை எதுவும் ஏமாற்று வேலை இல்லை. பேக்கப்பிலிருந்து எடுத்த கோப்புக்கு அதன் அசல் தேதி வேண்டும் என்றுதான் நாமே விரும்புகிறோம்.

சிடைம் (சேஞ்ச் வரி) வேறு. ஐநோடு என்று சொல்லப்படும் கோப்பின் விவரப் பதிவு கடைசியாக மாறிய நேரம் அது. எழுதினாலும் மாறும், அனுமதியை மாற்றினாலும், உரிமையாளரை மாற்றினாலும், எம்டைமைப் பழைய தேதிக்குத் திருப்பினாலும் மாறும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் பெயரை மாற்றினாலும் மாறும். இதைக் குறிப்பிட்ட தேதிக்கு வைக்க எந்த சிஸ்டம் காலும் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) கிடையாது. ரூட் பயனர் சர்வரின் கடிகாரத்தையே திருப்பி வைத்தாலோ டிஸ்க்கில் நேரடியாகக் கைவைத்தாலோ ஒழிய, சிடைம் பொய் சொல்லாது. பலர் இதை ‘கிரியேஷன் டைம்’ என்று எண்ணிக்கொள்கிறார்கள், அது இல்லை. உருவான நேரம் என்பது பர்த். அதைக் கேட்க லினக்ஸில் நெடுநாள் வழியே இல்லாமல் இருந்தது. 2017-இல் வந்த 4.11 கெர்னலில் ஸ்டாட்எக்ஸ் என்ற சிஸ்டம் கால் சேர்ந்தது, 2019-இல் வந்த குனு கோர்யூட்டில்ஸ் 8.31 முதல் ஸ்டாட் கட்டளை அதைக் காட்டுகிறது.

ஆக எம்டைமை வைத்துத் தேடும்போது நாம் கேட்பது ‘எந்தக் கோப்பின் மேல் சமீபத்திய தேதி எழுதியிருக்கிறது’ என்பது. அன்று நாங்கள் கேட்க வேண்டியிருந்தது ‘எந்தக் கோப்பின் மேல் சமீபத்தில் கை பட்டது’ என்பது.

ஒரே நொடியில் 43

சேஞ்ச் நேரம் தெரிந்ததும் தேடலைத் திருப்பினோம். குனு ஃபைண்டில் -நியூயர்சிடி என்றொரு சோதனை உண்டு. சி என்பது சிடைம், டி என்பது பின்னால் வருவது ஒரு நேரம் என்பதற்கு அடையாளம். 02:30-க்குப் பிந்தையது, ஆனால் 02:31-க்குப் பிந்தையது அல்லாதது என்று இரண்டைச் சேர்த்தால் அந்த ஒரு நிமிடம் மட்டும் கிடைக்கும்:

ஃபைண்ட் . -டைப் எஃப் -நியூயர்சிடி ‘02:30’ ! -நியூயர்சிடி ‘02:31’

செஷன் கோப்புகள் சில போக, 43 கோப்புகள். அத்தனையும் கான்ஃப் அடைவுக்குள். சிடைமை நொடியின் பின்னத்தோடு அச்சிட்டுப் பார்த்தோம். முதல் கோப்பு 02:30:04.11, கடைசிக் கோப்பு 02:30:04.36. கால் நொடிக்குள் 43 கோப்புகள்! மனிதக் கை இல்லை, ஏதோ நிரல். கோப்புகள் வந்த வரிசை அகர வரிசையாகவும் இல்லை; ஒரு காப்பகத்தைப் பிரித்தால் உள்ளே அடுக்கியிருக்கும் வரிசையில் எப்படி வருமோ அப்படி இருந்தது. எங்கள் டிஸ்க்கின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 நொடிக்குக் கீழான பின்னத்தையும் சேமிப்பதால்தான் இந்த வரிசை தெரிந்தது. எக்ஸ்ட்3 காலத்தில் முழு நொடி மட்டும்தான் இருந்தது, 43 கோப்புக்கும் ஒரே நேரம் காட்டியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் ஒரு விபத்து நூலிழையில் தப்பியது. இன்னொரு டெர்மினலில் ஒருவர், அனுமதிச் சிக்கலாக இருக்குமோ என்று எண்ணி, கான்ஃப் அடைவு முழுவதற்கும், உரிமையாளரை மாற்றும் ‘சிஹெச்ஓன் -ஆர்’ ஓட்டத் தயாராக இருந்தார். உரிமையாளர் முன்பிருந்தவரே என்றாலும் அந்தக் கட்டளை ஒவ்வொரு கோப்பின் சிடைமையும் அந்த நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கும். எங்களிடம் இருந்த ஒரே தடயம் அழிந்திருக்கும். கோப்பை வேறு சர்வருக்கு நகலெடுத்து ஆராயலாம் என்றாலும் பயனில்லை, நகலுக்குப் புதிய சிடைம்தான் இருக்கும். அதனால் எதையும் தொடுவதற்கு முன், எல்லாக் கோப்புகளின் பாதை, அளவு, ஐநோடு எண், எம்டைம், சிடைம் அனைத்தையும் ஃபைண்டின் -பிரின்ட்எஃப் கொண்டு ஒரு பட்டியலாக எடுத்து வேறு டிஸ்க்கில் வைத்தோம். ஒரு நிமிட வேலை. இனி எந்தச் சிக்கல் வந்தாலும் இதுதான் எங்கள் முதல் கட்டளை.

இன்னொரு விஷயத்தையும் அப்போது கவனித்தோம். ஒரு அடைவுக்குள் கோப்பு சேர்ந்தாலோ நீங்கினாலோ பெயர் மாறினாலோ அந்த அடைவின் எம்டைம் மாறும் என்பது நமக்குத் தெரியும். கோப்பு அழிக்கப்பட்டதைக் கண்டுபிடிக்க அதுவே நல்ல வழி, அழிந்த கோப்பை ஃபைண்டால் காட்ட முடியாதே. ஆனால் கான்ஃப் அடைவின் எம்டைமும் பழையதாகவே இருந்தது. டார் அடைவுகளின் தேதியையும் கடைசியில் காப்பகத்தில் உள்ளபடி திருப்பி வைத்துவிடுகிறது. அடைவின் சிடைம் மட்டும் 02:30:04.

முந்தைய இரவு 11 மணி பேக்கப்போடு ‘டிஃப் -ஆர்க்யூ’ வைத்து ஒப்பிட்டதில், 43-இல் உள்ளடக்கம் வேறுபட்டவை மூன்று மட்டுமே. மற்ற நாற்பதும் அதே உள்ளடக்கத்தோடு மறுபடி வைக்கப்பட்டவை. மூன்றில் ஒன்று எழுதும் இணைப்பின் முகவரி. படிப்பதற்கான முகவரி இன்னொரு கோப்பில், பல மாதமாக மாறாதது. அதனால்தான் பட்டியல் சரியாகத் தெரிந்தது, எழுதியது மட்டும் காணாமல் போனது.

கிரான் எங்கே நின்று ஓடுகிறது

02:30-க்கு என்ன ஓடியது என்பதற்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானின் அட்டவணையைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. மாதம் ஒருமுறை பேக்கப் சோதனை. சேமித்து வைத்திருக்கும் காப்பகங்களில் மிகப் பழையதை எடுத்துப் பிரித்து, திறக்கிறதா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட். நல்ல எண்ணத்தில் எழுதியது, எழுதியதும் எங்களில் ஒருவர்தான். அதன் நடுவில் இரண்டு வரிகள்: முதல் வரி சோதனை டிஸ்க்கின் அடைவுக்குள் சிடி செய்கிறது (அதாவது அங்கே போய் நிற்கிறது), அடுத்த வரி காப்பகத்தை டார் கொண்டு பிரிக்கிறது.

முந்தைய வாரம் சர்வர் ரீபூட் ஆகியிருந்தது. சோதனை டிஸ்க், சர்வர் தொடங்கும்போது தானாக இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் இல்லை, யாரோ ஒரு காலத்தில் கையால் மவுண்ட் செய்தது (இணைத்தது). ரீபூட்டுக்குப் பின் அது மவுண்ட் ஆகவில்லை, அடைவும் இல்லை. சிடி தோற்றது. ஷெல் ஸ்கிரிப்ட் தோல்வியில் தானாக நிற்பதில்லை, அடுத்த வரிக்குப் போனது. கிரான் ஒரு வேலையை அந்தப் பயனரின் ஹோம் அடைவில் நின்று தொடங்குகிறது. எங்கள் பயனரின் ஹோம் அடைவுதான் பயன்பாட்டின் தலை அடைவு. டார் அங்கேயே பிரித்தது. ஏற்கெனவே இருந்த கோப்புகளை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கியது, பர்த் நேரமும் 02:30:04 ஆனது அதனால்தான். 03:10-க்கு வழக்கமான இரவு ரீஸ்டார்ட்டில் பயன்பாடு புதிய, அதாவது பழைய, கான்ஃபிக்கைப் படித்துக்கொண்டது.

சிடி தோற்ற செய்தியை கிரான் ஒளிக்கவில்லை. அந்தப் பயனரின் உள்ளூர் மெயில்பெட்டியில் ‘அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை’ என்ற வரி 02:30 முதல் கிடந்தது. அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

சரிசெய்தது

மூன்று கோப்புகளை இரவு பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்து ரீஸ்டார்ட் செய்தது ஐந்து நிமிடம். பழைய டேட்டாபேஸில் எட்டு மணி நேரமாகச் சேர்ந்த பதிவுகளைப் புதியதில் சேர்த்தது இரண்டு நாள். இரண்டு டேட்டாபேஸும் தனித்தனியாக வரிசை எண் கொடுத்திருந்ததால், ஒரே எண் ஆறு வாரத்துக்கு முன் ஒரு பதிவுக்கும் அன்று காலை வேறொரு பதிவுக்கும் போயிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துப் புது எண் கொடுத்து, தொடர்புடைய அட்டவணைகளிலும் மாற்றினோம். எழுதும் அனுமதியோடு பழைய டேட்டாபேஸை ஓடவிட்டது எங்கள் பெரிய தவறு. மாற்றிய அன்றே அதைப் படிக்க மட்டும் என்று பூட்டியிருந்தால் 03:10-க்கே பயன்பாடு பிழை காட்டி நின்றிருக்கும், ஒரு பதிவும் வழிதவறியிருக்காது.

ஸ்கிரிப்டில் சிடி வரியை எடுத்துவிட்டு, டாருக்கு -சி (பெரிய எழுத்து) விருப்பத்தில் இலக்கு அடைவைக் கொடுத்தோம். அந்த அடைவு இல்லாவிட்டால் டார் பிழையோடு அங்கேயே நின்றுவிடும். டிஸ்க்கை எஃப்எஸ்டேப்பில் சேர்த்தோம். கான்ஃப் அடைவை சர்வரிலேயே, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ஒரு கிட் களஞ்சியமாக்கினோம், கடவுச்சொற்கள் இருப்பதால் வெளியே எங்கும் அனுப்பாமல். கிட் தன் குறியீட்டில் எம்டைமோடு சிடைம், ஐநோடு எண், அளவு எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. ஏதாவது பொருந்தாவிட்டால் உள்ளடக்கத்தையே ஒப்பிடுகிறது. அன்று இது இருந்திருந்தால் ‘கிட் ஸ்டேட்டஸ்’ அந்த மூன்று பெயர்களை மட்டும் சொல்லியிருக்கும். லினக்ஸ் ஆடிட்டில் கான்ஃப் அடைவுக்கு ஒரு விதியும் போட்டோம், எந்த நிரல் எப்போது எழுதியது என்பது இனி லாகிலேயே கிடைக்கும். ஃபைண்ட் எவ்வளவு கூர்மையாகத் தேடினாலும் கடைசி மாற்றத்தை மட்டுமே காட்டும். அதற்கு முந்தையதும், மாற்றியது யார் என்பதும் ஐநோடில் இல்லை.

எங்கள் குறிப்பேட்டில் ‘என்ன மாறியது’ என்ற பக்கத்தில் முதலில் பட்டியல் எடுக்கும் கட்டளை இருக்கிறது. அப்புறம் -எக்ஸ்டெவ் சேர்த்த -சிமின் (சிடைமை நிமிடக் கணக்கில் பார்க்கும்) தேடல், வேறு டிஸ்க்குகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. பிழைச் செய்திகளை டெவ்-நல்லுக்கு (போனதெல்லாம் மறைந்துவிடும் இடம்) அனுப்பாமல் ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். படிக்க அனுமதி இல்லாத அடைவுகளை ஃபைண்ட் அந்தச் செய்திகளில்தான் சொல்கிறது. அவற்றை வீசிவிட்டால், தேடாத இடமும் மாறாத இடமும் ஒன்றுபோலத் தெரியும். எம்டைமும் சிடைமும் ஒரு நாளுக்கு மேல் விலகி நிற்கும் கோப்புகளைத் தனியாக அச்சிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைத் தம்பி எழுதிச் சேர்த்திருக்கிறான். அனுமதி மாறியதும், பேக்கப்பிலிருந்து வந்ததும், மென்பொருள் தொகுப்புகள் நிறுவியதும் அதில் வரும், அதனால் பட்டியல் நீளம்தான். அன்றைய தினத்துக்கு அதை ஓட்டிப் பார்த்தோம். அந்த 43-உம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.